இரண்டாம் முறை இறங்கிய மணப்பெண்

பெர்கன் நகரில் நான் குடியிருந்த வீட்டின் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு படம் மாட்டியிருந்தது. அச்சுப்படம்தான், கண்ணாடிக்குள் ஈரம் இறங்கி ஒரு மூலை பழுப்பேறியிருந்தது. அசையாத நீர், அதைச் சுற்றி ஆளை மிரட்டும் மலைகள், உச்சியில் பனி, எல்லாவற்றின் மேலும் கோடை வெயில். நடுவே ஒரு துடுப்புப் படகு. படகில் தலையில் கிரீடம் சூடிய மணப்பெண், பக்கத்தில் மாப்பிள்ளை, பிடில் வாசிக்கும் ஒருவர், துடுப்புப் போடும் ஆட்கள். பின்னால் உறவினர்கள் வரும் படகுகள். தூரத்துக் கரையில் சின்னதாக ஒரு மரத் தேவாலயம். கல்யாணம் முடிந்து விருந்துக்குப் போகிறார்கள் என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். வேலை நிமித்தம் அங்கே இருந்த எட்டு மாதங்களும் அந்தப் படகைப் பார்த்துக்கொண்டுதான் காலையில் ரொட்டி தின்றேன். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. "இது எங்கள் பாட்டியின் ஊர்ப்பக்கம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சொன்ன தோரணையில், படகில் இருக்கும் யாரோ ஒருவர் அவருக்குத் தூரத்துச் சொந்தம் என்றே நினைத்துக்கொண்டேன்.

நார்வேயில் அந்தப் படத்தைத் தெரியாதவர் இருக்க மாட்டார். 'ஹார்டாங்கரில் மணமகள் பயணம்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 1848-இல் வரைந்தது. வரைந்தவர்கள் இருவர்: மனிதர்களை அடோல்ஃப் டீடமண்ட் வரைந்தார், மலையையும் நீரையும் ஹான்ஸ் கூடே வரைந்தார். கூடேவுக்கு அப்போது 23 வயது. டீடமண்ட் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். நம் ஊரில் ஐயனார் குதிரையை ஒருவர் செய்ய, வண்ணத்தை இன்னொருவர் பூசுவது உண்டுதான். ஆனால் ஒரே துணியில் இருவர் தூரிகை பிடித்து, இருவருமே கையெழுத்துப் போடுவதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு. இருவரும் ஜெர்மனியின் டுசெல்டோர்ஃபில் படித்து, அங்கேயே பல ஆண்டுகள் தங்கியவர்கள். ஊரை விட்டுத் தள்ளி இருப்பவனுக்குத்தான் ஊர் இவ்வளவு பளிச்சென்று தெரியும் போலிருக்கிறது.

மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, அந்த இடத்தைப் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினேன். கையில் அதே படத்தின் அஞ்சலட்டை ஒன்று. நூர்ஹைம்சுண்ட் வழியாக குவான்டால் போய், அங்கிருந்து பஸ்ஸோடு படகில் ஏறி ஊட்னே கரைக்குப் போகும் பாதை. ஹார்டாங்கர் என்பது மலைகளுக்குள் 179 கிலோமீட்டர் நுழைந்து கிடக்கும் கடல். ஆறு என்றுதான் முதலில் பார்ப்பவர் சொல்வார். வாயில் விட்டால் உப்புக் கரிக்கும். சரிவெங்கும் ஆப்பிள் மரங்கள் பூத்திருந்தன. படகின் மேல்தளத்தில் நின்று அஞ்சலட்டையை உயர்த்திப் பிடித்து ஒவ்வொரு மலையாக ஒப்பிட்டேன். ஒரு மலையின் தோள்பட்டை ஒத்துவந்தது, உச்சி ஒத்துவரவில்லை. பனி ஓரிடத்தில் சரியாக இருந்தால் கரை வளைவு எதிர்ப்பக்கம் திரும்பியது. எங்கேயும் மரத் தேவாலயம் தென்படவில்லை. என் கூத்தைப் பார்த்த ஒரு சிறுவன், நான் எதையோ தொலைத்துவிட்டதாக நினைத்து அவனும் சேர்ந்து தேட ஆரம்பித்தான்.

ஊட்னேயில் ஹார்டாங்கர் பகுதியின் நாட்டுப்புற அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பணியில் இருந்த பெண்ணிடம் அட்டையை நீட்டி, இது எந்தக் கரை என்று கேட்டேன். அவர் சிரித்தார். என்னைப் போல் எத்தனை பேரைப் பார்த்த சிரிப்போ. "இந்தக் கடலோரத்தில் எந்த ஊரில் கேட்டாலும் எங்கள் ஊர்தான் என்பார்கள். நீங்கள் தேடும் இடம் எங்கேயும் இல்லை. பல இடங்களில் பார்த்த மலைகளைக் கூடே ஒன்றாகச் சேர்த்துப் போட்டுவிட்டார்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு நாள் போயிற்று, டிக்கெட் காசு போயிற்று என்பது காரணமில்லை. எட்டு மாதக் காலைகளில் ஒருவர் என்னிடம் மெதுவாகப் பொய் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார் என்று தோன்றியது. ஓவியன் கற்பனை செய்யாமல் வேறு என்ன செய்வான் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் கோபம் அடங்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அந்தக் கோபத்தின் வேரைத் துழாவியபோதுதான், அது ஹார்டாங்கரில் இல்லை, மாயவரம் பக்கத்து ஊர் ஒன்றில் இருக்கிறது என்று பிடிபட்டது.

ஆலம்

அக்காவின் கல்யாணம் 2003-இல். மண்டபத்தில் எல்லாம் முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். எங்கள் வழக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் அந்தக் காரில் ஏற மாட்டார்கள். துணைக்குத் தம்பி போவான். முன் சீட்டில் நான், காலடியில் பெட்டி, மடியில் பழத்தட்டு. பின் சீட்டில் அக்கா இரண்டு மணி நேரமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியம்மாவிடம் இரவல் வாங்கிய ஒட்டியாணம் அவளுக்குச் சிறியது. நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் குத்தாது என்பதால், யாரோ அதட்டி உட்கார வைத்ததுபோல் நிமிர்ந்தே இருந்தாள். கார் வாசலில் நின்றது. மாப்பிள்ளையின் அத்தை ஆலம் சுற்றினார். அக்கா இறங்கினாள். வலது காலை எடுத்து வைக்கும்போது படியில் விரல் இடித்துக்கொண்டது. வலியில் கண் கலங்க, சட்டென்று திரும்பி காரைப் பார்த்தாள். அப்பா அம்மாவைத் தேடியிருப்பாள். காரில் நான்தான் இருந்தேன், பழத்தட்டோடு. அந்தப் பார்வையை எனக்கு மறக்கத் தெரியவில்லை.

வீட்டுக்குள் போய் உட்கார்ந்தபின் வீடியோ எடுப்பவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். விளக்கின் வயர் பிடுங்கிக்கொண்டதாம். இறங்கும் காட்சி விழவே இல்லையாம். "அக்கா, இன்னொரு தடவை காரில் ஏறி இறங்கிவிடுங்கள், இரண்டே நிமிடம்" என்றார். மாப்பிள்ளையின் அத்தை பிடித்துக்கொண்டார்: "ஆலம் சுற்றியாகிவிட்டது. ஒரு வாசலில் இரண்டு முறை சுற்றுவார்களா? கழிந்த கண்ணேறு திரும்பி வருவதற்கா?" ஐந்து நிமிட வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்தால்தானே ஆலம்? வெறும் தண்ணீரில் குங்குமத்தைக் கரைத்தால் அது ஆலக் கணக்கில் சேராது. தட்டில் குங்குமத் தண்ணீர் வந்தது. உள்ளே கொண்டுபோய் வைத்த பெட்டியை நான் மறுபடி தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினேன். அக்கா ஏறினாள், இறங்கினாள். இம்முறை கால் இடிக்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. நேராக நிமிர்ந்து பார்த்துப் புன்னகை செய்தாள். ஆல்பத்தின் அட்டைப்படம் அதுதான். அந்த வீட்டுக் கூடத்தில் பெரிதாக்கி மாட்டியும் வைத்திருக்கிறார்கள். போகும்போதெல்லாம் என் கண் அதில் படும், வாய்க்குள் கசக்கும். என் அக்காவின் வருகை நடந்தது ஒன்று, சுவரில் தொங்குவது ஒன்று. பெர்கன் வீட்டுச் சுவரிலும் அதே கதைதானா என்பதுதான் அன்று பஸ்ஸில் வந்த கோபம்.

மேடையில் ஒரு படகு

கோபம் வந்தால் அதைப் பற்றிப் படித்துத் தீர்ப்பது என் சுபாவம். படிக்கப் படிக்க, வீடியோக்காரர் பாவம் என்று ஆகிவிட்டது. படம் வரைந்த அடுத்த ஆண்டு, 1849 மார்ச்சில், இன்றைய ஆஸ்லோவான கிறிஸ்டியானியாவின் நாடக அரங்கில் கலைஞர்கள் நடத்திய மாலை நிகழ்ச்சியில் இந்த ஓவியத்தை உயிர்க்காட்சியாக நிகழ்த்தினார்கள். படத்தில் உள்ளபடியே மேடையில் படகு, படகுக்குள் உடையணிந்த ஆட்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள், பின்னணியில் பாட்டு. அதற்கென ஆண்ட்ரெயாஸ் முங்க் கவிதை எழுத, ஹால்ஃப்டான் ஷெருல்ஃப் இசையமைத்தார். இல்லாத ஓர் இடத்தில் நடக்காத ஒரு கல்யாணம், அதை மேடையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடித்துக் காட்டுகிறார்கள், பார்ப்பவர்கள் நகரத்துக்காரர்கள். இதற்கு முன்னால் இரண்டாம் முறை கார் ஏறி இறங்குவது எந்த மூலைக்கு?

ஆனால் அந்தக் கூட்டம் எதற்காக உருகியது என்பதையும் சொல்ல வேண்டும். நானூறு ஆண்டுக்கும் மேல் டென்மார்க்கோடு ஒட்டிக் கிடந்த நாடு. 1814-இல் தனக்கென்று ஓர் அரசமைப்புச் சட்டம் எழுதிக்கொண்டது; அதே ஆண்டு சுவீடன் அரசரின் கீழ் போனது. முழு விடுதலை 1905-இல்தான். நகரத்தில் எழுதும் மொழி டேனிஷ், பழக்கவழக்கம் டேனிஷ். நாங்கள் யார் என்ற கேள்விக்குப் பதில் தேடிய படித்த கூட்டம், மலையிடுக்கில் வாழ்ந்த குடியானவர்களைத் திரும்பிப் பார்த்தது. அவர்களுடைய உடை, பிடில், பாட்டு, மரத்தாலான கோயில். டீடமண்ட் 1843-இல் நார்வேயின் உள்பகுதிகளில் சுற்றி அந்த உடைகளையும் வீடுகளையும் வரைந்து சேர்த்துவைத்திருந்தார். ஆகவே பட்டன், பட்டை, ஏப்ரன் வரை அவர் கை பொய் சொல்லவில்லை. மலையைச் சேர்த்துத் தைத்தது கூடே.

இங்கே ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. பெண் வரும் காட்சியை யார் நின்று பார்க்கிறார்கள்? தேவாலயம் பின்னால் இருக்கிறது, படகு முன்னால் நெருங்கி வருகிறது. பார்க்கும் நாம் விருந்து வீட்டுக் கரையில் நிற்கிறோம். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், ஆலத்தட்டோடு நிற்கும் அத்தையின் இடம் அது. கிறிஸ்டியானியா நகரத்துக்காரர்கள் அந்த இடத்தில் நின்றுதான் குடியானவர்களை நாட்டுக்குள் வரவேற்றார்கள்: நகை போட்டு, வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, பிடில் வாசித்து. மழை நாளில், சாணம் ஒட்டிய செருப்போடு வந்திருந்தால் தட்டு எடுத்திருப்பார்களா? அதே 1848-இன் டிசம்பரில்தான் டிராமன் ஊரில் மார்கஸ் த்ரானே என்பவர் தொழிலாளர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். நிலமில்லாமல் பண்ணையாரின் மூலையில் குடிசை போட்டு, அதற்குக் கூலியாக உழைத்த குத்தகைக் குடிகளும் அதில் சேர்ந்தார்கள். 1850-இல் சுமார் 13,000 கையெழுத்துகளோடு அரசருக்கு மனு போயிற்று. 1851-இல் த்ரானேயைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். படகில் வந்த குடியானவர்களுக்குக் கைதட்டல், மனுவில் வந்தவர்களுக்குப் பூட்டு. 1825-இல் தொடங்கி நூறாண்டுகளுக்குள் சுமார் 8 லட்சம் நார்வேக்காரர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். இந்த அழகான கடலிடுக்குகளில் வாழ்க்கை அப்படி இனித்திருந்தால் ஏன் ஏறுகிறார்கள்?

தேவாலயத்தின் கதையும் அப்படித்தான். நடுக்காலத்தில் தூண் நட்டுக் கட்டிய அந்த மரக் கோயில்கள் நூற்றுக்கணக்கில் இருந்தவை. இன்று மிஞ்சியவை 28. அரங்கில் அந்தக் காட்சியைக் கொண்டாடி இரண்டு ஆண்டு கழித்து, 1851-இல் ஒரு சட்டம் வந்தது: ஊர் மக்களில் பத்தில் மூன்று பங்கினராவது உள்ளே கொள்ளும்படி கோயில் பெரிதாக இருக்க வேண்டும். சின்னச் சின்ன மரக் கோயில்கள் எங்கே கொள்ளும்? ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துப்போட்டார்கள். படத்தில் இருக்கும் கோயில் மட்டும் பத்திரமாக இருக்கிறது, அது எங்கேயும் இல்லாததால்.

இரவல் கிரீடம்

இப்படியே எழுதிக்கொண்டு போனால் படத்தைக் கூண்டில் ஏற்றித் தீர்ப்புச் சொன்ன கணக்காகிவிடும். தீர்ப்புச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கெடுத்தது அந்தக் கிரீடம். மணப்பெண்ணின் தலையில் இருப்பது வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசியது. விளிம்பெங்கும் இலைபோல் தகடுகள் தொங்கும், நடந்தால் கிணுகிணுக்கும். மண்ணுக்கடியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சனம் மணப்பெண்ணைக் கவர்ந்துகொண்டு போய்விடும் என்றும், வெள்ளியின் மினுக்கும் சத்தமும் அதை அண்டவிடாது என்றும் நம்பியிருக்கிறார்கள். நம் கண்ணேறுக்கு அக்கா முறை. அந்தக் கிரீடம் எல்லார் வீட்டிலும் இருக்காது. வசதியான பண்ணை வீடுகளில் இருக்கும்; மற்றவர்கள் இரவலாகவோ வாடகைக்கோ வாங்குவார்கள். கல்யாணத்துக்கு முன்பே கருவுற்ற பெண்ணுக்குக் கிரீடம் கிடையாது என்பதும் வழக்கம். ஆக, கிரீடம் சூடி வருகிறவள் அன்று ஒரு நாள் வேறொருத்தியாக இருக்கிறாள்: சொந்தமில்லாத நகை, ஊர் முழுதும் பார்க்கும் ஒழுக்கச் சான்றிதழ், எப்போதும் பழைய கம்பளிப் பாவாடை உடுத்தும் உடம்புக்குப் புது உடுப்பு. ஓவியன் வருவதற்கு முன்பே அது அரங்கேற்றம்தான். பெரியம்மாவின் ஒட்டியாணம் போட்டுக்கொண்டு மூச்சைப் பிடித்து உட்கார்ந்த என் அக்கா, வீடியோக்காரர் சொல்வதற்கு எவ்வளவோ முன்பே ஒரு படத்துக்குள் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் காரிலிருந்து முதல் முறை இறங்கியதை நிஜம் என்றும் இரண்டாம் முறையைப் பொய் என்றும் கோடு போட்டு வைத்திருந்தேன்.

அந்த ஆண்டு மே 17 அன்று, அரசமைப்புச் சட்ட நாளில், பெர்கன் தெருக்களில் பார்த்ததும் இப்போது வேறு மாதிரி நினைவுக்கு வருகிறது. வங்கியில் வேலை செய்பவர், பல் மருத்துவர், பஸ் ஓட்டுபவர் என்று எல்லாரும் நாட்டுப்புற உடையில் வந்தார்கள். ஹார்டாங்கர் உடைக்காரப் பெண்களைச் சிவப்பு மேலுடுப்பையும், துளைவேலை செய்த வெள்ளை ஏப்ரனையும் வைத்து எனக்கே அடையாளம் தெரிந்தது. என் வீட்டுக்கார அம்மாவும் போட்டுக்கொண்டார். அது மேடை உடை என்று யாராவது அவரிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன் ஆஸ்லோ போனேன். துறைமுகத்துக்கு அருகில் அந்த ஆண்டு ஜூனில்தான் புதிய தேசிய அருங்காட்சியகத்தைத் திறந்திருந்தார்கள். அசல் ஓவியத்தின் முன் நின்றபோது முதலில் பட்டது, இவ்வளவு சின்னதா என்பதுதான். மூன்றடி உயரம், நாலே கால் அடி அகலம். நாடே சுமந்து திரியும் படத்தை ஒருவர் கைக்குள் இடுக்கிக்கொண்டு போய்விடலாம். அச்சில் நான் பார்த்த நீலமெல்லாம் அச்சகத்தின் நீலம்; அசலில் நீர் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. மணப்பெண்ணின் முகம் என் விரல் நகத்தளவுகூட இல்லை. அதில் என்ன இருக்கிறது என்று மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்தேன். காவலர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். இந்த இருவரும் சேர்ந்து 1853-இல் 'சோக்னஃபியூர்டில் சவ ஊர்வலம்' என்று இன்னொரு படமும் வரைந்தார்கள். அதே மாதிரி மலை, அதே மாதிரி நீர், படகில் சவப்பெட்டி. கல்யாணமோ சாவோ, அந்த ஊர்க்காரர்கள் போவதற்கு வழி ஒன்றுதான். அது ஓவியர்கள் கட்டிய கதை இல்லை. மலை விட்ட வழி.

அன்று இரவு விடுதியிலிருந்து அக்காவைக் கூப்பிட்டேன். படத்தை அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "இந்தக் கிரீடம் எவ்வளவு கனம் இருக்கும்? தலை வலிக்காதா இவளுக்கு?" எட்டு மாதம் பார்த்தவனுக்கு அந்தக் கேள்வி வரவில்லை. பேச்சு ஒட்டியாணத்துக்குப் போயிற்று, அங்கிருந்து வீடியோக்காரருக்கு. இத்தனை வருடம் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னேன்: உன்னை மறுபடி இறக்கியது எனக்குப் பிடிக்கவே இல்லை, அந்தப் போட்டோவில் சிரிப்பது நீயே இல்லை என்று.

"ஏன், நான்தானே சிரிக்கிறேன்?" என்றாள். "முதல் தடவை இறங்கியபோது எனக்கு ஒன்றுமே தெரியவில்லைடா. தரை தெரிந்தது, யார் யாருடைய கால்களோ தெரிந்தன, அவ்வளவுதான். இரண்டாம் தடவைதான் தலையைத் தூக்கி வீட்டையே பார்த்தேன். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கிழிந்த லுங்கி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு பெரிய கல்யாணத்தில் அதை எடுக்க ஓர் ஆளுக்கும் ஞாபகம் இல்லையே என்று சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவும் முடியவில்லை. மாமனார் லுங்கி அது, பிறகு தெரிந்தது."

ஊருக்கு வந்ததும் அந்த வீடியோவைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கார்க் கதவு திறக்கிறது, அவள் இறங்குகிறாள், நிமிர்கிறாள், சிரிக்கிறாள். பின்னால் நான் பெட்டியோடு அசட்டுத்தனமாக நிற்கிறேன். லுங்கியைக் காணவில்லை. காமிரா அவள் முகத்தோடு நின்றுவிட்டது. மாடி வரை போகவில்லை.